சசி எழுதி வைத்தவை: இழப்பைக் கடந்த ஒரு பெண்ணை வகுப்பறையில் வாசித்தல்

கோட்டக்குப்பத்தில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. பிரான்சில் பெரியப்பா, துபாயில் அப்பா, குவைத்தில் மாமா என்று பிள்ளைகள் விரல்விட்டுச் சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்களுக்கு வடக்கே, மரக்காணம் போகும் வழியில், கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் ஊரைவிட்டு வந்தவர்கள். எங்கள் தெருக்காரர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள். ஆக, புலம்பெயர்தல் என்பது எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் பாடநூல் சொல் அன்று. வருகைப் பதிவேட்டிலேயே அது இருக்கிறது.

புலம்பெயர்ந்த ஒரு பெண், பெரும் இழப்புகளுக்குப் பின் எப்படித் தன்னை நிமிர்த்திக்கொள்கிறாள் என்பதைச் சொல்லும் ஒரு நாவலைப் பற்றியும், அதை ஆசிரியர்களாகிய நாம் எப்படி வாசிக்கலாம், வகுப்புக்கு எந்த அளவு கொண்டுபோகலாம் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நாவலின் பெயர் ‘பிரதர்லெஸ் நைட்’. அண்ணன் தம்பி இல்லாது போன இரவு என்று பொருள் கொள்ளலாம். யாழ்ப்பாணத்துப் பூர்விகம் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதி 2023இல் வெளிவந்தது. 2024இல் பெண் எழுத்தாளர்களின் புனைவுக்கான ‘விமன்ஸ் பிரைஸ்’, ‘கரோல் ஷீல்ட்ஸ்’ ஆகிய இரண்டு பெரிய பரிசுகளையும் பெற்றது. பரிசுக்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. ‘தைரியமாக இரு’, ‘நடந்ததை மறந்துவிடு’ என்று நாம் பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும் இந்த நாவல் கேள்விக்கு உள்ளாக்குகிறது. அதற்காகத்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சசிகலா குலேந்திரன் யாழ்ப்பாணத்துப் பெண். நான்கு சகோதரர்களுக்கு ஒரே சகோதரி. மருத்துவராக வேண்டும் என்பது அவள் கனவு. கதை 1981இல் தொடங்குகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு அது. 1983இல் தேர்வுக்குப் படிப்பதற்காகக் கொழும்பில் அம்மம்மா வீட்டில் இருக்கிறாள். ஜூலைக் கலவரத்தில் அந்த வீடு எரிகிறது. மூத்த அண்ணன் நிரஞ்சன் கொல்லப்படுகிறான். பிறகு தயாளன், சீலன் என்ற இரண்டு அண்ணன்மார் இயக்கத்தில் சேர்கிறார்கள். சிறு வயது முதல் அவளோடு பழகிய, ‘கே’ என்று மட்டும் அழைக்கப்படும் இளைஞனும் சேர்கிறான். சசி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் இடத்தில் வேலை செய்கிறாள். கே உண்ணாநோன்பிருந்து இறப்பதை அருகிலிருந்து பார்க்கிறாள். அவளுடைய ஆசிரியை அஞ்சலியையும் இழக்கிறாள். கடைசியில் நியூயார்க்கில் மருத்துவராக இருக்கிறாள். 2009இல், போர் முடியும் ஆண்டில், அங்கிருந்துதான் நமக்கு இந்தக் கதையைச் சொல்கிறாள்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதன் வரலாற்று அடிப்படையை எளிதில் கண்டுகொள்வார்கள். கே என்ற பாத்திரத்தில் 1987 செப்டம்பரில் நல்லூரில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட திலீபனின் சாயல் இருக்கிறது. அஞ்சலியின் பின்னால் நிற்பவர் ராஜினி திரணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்தவர். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அந்த நூல் எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்தது. நாவலும் அப்படித்தான். இராணுவம், இந்திய அமைதிப் படை, இயக்கம் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. அதனால் இதை வாசிக்கும்போது நமக்கே சில இடங்களில் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

இனி சசியைப் பார்ப்போம். ‘மீண்டெழும் திறன்’ என்று உளவியல் சொல்வதை நாம் பெரும்பாலும் ஒரு குணமாகவே எடுத்துக்கொள்கிறோம். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது, இருப்பவர் வீராங்கனை. சசி வீராங்கனை அல்லள். அவளுக்குப் பயம் உண்டு, கோபம் உண்டு. தான் செய்தது சரியா என்ற கேள்வி கடைசிவரை அவளை விடுவதில்லை. அவளை நிற்க வைப்பவை மிகச் சாதாரணமான சில வேலைகள். படிக்கிறாள். காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். மற்ற பெண்களோடு உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறாள். பிறகு, நடந்ததை எழுதி வைக்கிறாள்.

படிப்பை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அண்ணன் இறந்த பிறகும் அவள் தேர்வு எழுதுகிறாள், மருத்துவக் கல்லூரியில் சேர்கிறாள். துக்கம் தீர்ந்த பிறகு படிப்போம் என்று அவள் காத்திருக்கவில்லை. துக்கத்தோடு துக்கமாகப் படிப்பும் நடக்கிறது. பேரிழப்புக்குப் பின் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம், ‘பாவம், அவளை ஒன்றும் கேட்க வேண்டாம்’ என்று நாம் ஒதுங்குவதுண்டு. இரக்கத்தால்தான் ஒதுங்குகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பின் வழக்கம்தான் பிடிமானம். ஒன்பதரைக்கு மணி அடிப்பதும், கரும்பலகையில் தேதி எழுதுவதும், பக்கத்துப் பெண் அழிப்பான் கேட்பதும், உடைந்துபோன ஒரு நாளுக்குள் உடையாமல் இருக்கும் விஷயங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் பகுதியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீருக்குள் போயின. பள்ளி மறுபடி திறந்த அன்று, புத்தகம் நனைந்துபோன பிள்ளைகள்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். வீட்டில் உட்கார இடமில்லை என்பதும் ஒரு காரணம். வகுப்பறை இருந்தது என்பது இன்னொன்று.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் போன்ற பல இடர்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தம்மை ஏற்றுக்கொண்டு அக்கறை காட்டிய ஒரு பெரியவரின் துணை. பெற்றோராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மாஸ்டன் 2001இல் எழுதிய கட்டுரையில், மீண்டெழுதல் அபூர்வமான ஆற்றல் இல்லை, சாதாரணமான உறவுகளும் வழக்கங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று வாதிட்டார். இந்த நாவலாசிரியரும் அதே பல்கலைக்கழகத்தில்தான் எழுத்துக்கலை கற்பிக்கிறார். தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைத்தேன்.

சசிக்கு அந்த ஒரு பெரியவர் அஞ்சலி. நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அஞ்சலி பெண்களைக் கூட்டி வாசிப்புக் குழு நடத்துவது. ஊரைச் சுற்றிப் போர். இவர்கள் உட்கார்ந்து புத்தகம் வாசித்துப் பேசுகிறார்கள். அஞ்சலி தன் மாணவிக்கு ஆறுதல் மொழி சொல்வதைவிட வேலை கொடுப்பதுதான் அதிகம். இதை வாசி, இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், யாரிடமிருந்து கேட்டாய், உறுதியாகத் தெரியுமா. ஆசிரியராக இருப்பவர்கள் இந்தப் பாத்திரத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தாலே போதும். மாணவியின் துயரத்தை அஞ்சலி மதிக்கிறார். அதற்காக அவளுடைய அறிவை ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை.

அடுத்தது எழுதி வைத்தல். போர்க்காலத்தில் நடந்தவற்றை, யார் செய்திருந்தாலும், ஊர் ஊராகக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் சசி அஞ்சலியோடு சேர்கிறாள். அது ஆபத்தான வேலை. படையினரால் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு அவள் மருத்துவம் பார்க்கும் இடம் இருக்கிறது. அங்கே அவள் பேசுவது குறைவு. கேட்கிறாள், கூட இருக்கிறாள். அதே அனுபவம் சசியை ஒரு வழியிலும் அந்தப் பெண்ணை முற்றிலும் வேறு வழியிலும் கொண்டுபோகிறது என்பதை நாவல் பின்னால் காட்டும். எல்லோரும் மீள்வதில்லை என்பதை மறைக்காத நாவல் இது. மீளாதவர்களைப் பலவீனமானவர்கள் என்றும் அது சொல்வதில்லை. ‘அவள் எழுந்துவிட்டாள், நீ ஏன் எழவில்லை?’ என்று ஒப்பிடும் பழக்கம் நம் ஆசிரியர் அறைகளில் இல்லை என்று சொல்ல முடியுமா?

நம் இலக்கியத்தில் இதற்கு முன்னோடி உண்டு. தமிழாசிரியர்கள் பாரி மகளிரை நினைத்துக்கொள்ளலாம். தந்தையையும் நாட்டையும் குன்றையும் ஒருசேர இழந்து கபிலரோடு வெளியேறிய பெண்கள். புறநானூற்றில் 112ஆம் பாடலாக அவர்கள் பெயரில் இருப்பது ஐந்தே அடி. போன மாதத்து நிலவில் தம்மிடம் இருந்தது எது, இந்த மாதத்து நிலவில் இல்லாதது எது என்று அதில் கணக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மீண்டோம் என்றும் சொல்லவில்லை, மனம் தேறியது என்றும் சொல்லவில்லை. வென்றவர்கள் தம் வெற்றியைக் கொண்டாடிய காலத்தில் தோற்ற பக்கத்தின் கணக்கை எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கு ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் நம் கையில் இருக்கிறது. ‘துன்பக்கேணி’யில் புதுமைப்பித்தன் காட்டிய மருதி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். அவளுக்காகப் புதுமைப்பித்தன்தான் எழுத வேண்டியிருந்தது. சசி தன் கதையைத் தானே சொல்கிறாள். மேல்நிலை வகுப்புகளில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘கதையைச் சொல்வது யார்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.

வகுப்பறைக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. இது சிறுவர் நூல் இல்லை. கொலை, பாலியல் வன்கொடுமை, சாகும்வரை உண்ணாநோன்பு எல்லாம் இருக்கின்றன. முழு நூலையும் ஆசிரியர் முதலில் வாசிக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் விரும்பிக் கேட்கும் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நூலகப் பாடவேளையில் சில பகுதிகளைத் தமிழில் கதையாகச் சொல்கிறேன். நான் ஆங்கில ஆசிரியை. தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் காட்டினால், ‘மிஸ், இது நாம கேட்ட கதைதானே’ என்று பயமில்லாமல் உள்ளே வருகிறார்கள்.

நாவலின் தொடக்கக் காட்சி அதற்கு ஏற்றது. சசியின் மேல் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிடுகிறது. அலறல் கேட்டு, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கே ஓடிவந்து, காயத்தின் மேல் முட்டைகளை உடைத்து ஊற்றுகிறான். ஒரு நட்பின் தொடக்கமும், யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்ற நாவல் முழுவதற்குமான கேள்வியும் அங்கேயே வந்துவிடுகின்றன. பின்னால் கே உண்ணாநோன்பு இருக்கும்போது, சிகிச்சை அளிக்கக் கற்றவள் சிகிச்சை அளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த முட்டையை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை வாசித்தால் தொண்டை அடைக்கும். ஆனால் வகுப்பில் கதை சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது: தீக்காயத்துக்கும் வெந்நீர்க் காயத்துக்கும் முட்டை ஊற்றக் கூடாது, கிருமித் தொற்று வரும். ஓடுகிற குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம், பிறகு மருத்துவமனை. இலக்கிய வகுப்பில் முதலுதவி எதற்கு என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் கதையில் வரும் வைத்தியத்தைத்தான் வீட்டில் செய்து பார்ப்பார்கள்.

இரண்டாவதாக நான் எடுப்பது அம்மாமார் ஊர்வலம். சுற்றிவளைப்பில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும், தாய்மார் திரண்டு போய்த் திருப்பிக் கேட்கிறார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் உருவான அன்னையர் முன்னணியை நினைவூட்டும் பகுதி இது. அடுப்படியைவிட்டு அதிகம் வெளியே வராத பெண்கள் அதிகாரியின் முன்னால் நின்று பேசுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி போன்ற மீனவர் குப்பங்களில் கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் கரையில் நிற்பதும், பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறுவதும் பெண்கள்தாம்.

உறவுச் சொற்களும் ஒரு நல்ல வாசல். ஆங்கில நாவலுக்குள் அம்மா, அப்பா, அம்மம்மா, பெரியண்ணை, தம்பி எல்லாம் தமிழாகவே வருகின்றன. எங்கள் ஊரில் ‘ஆயா’ என்பதை முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் ‘அம்மம்மா’ என்பார்கள். இதுவரை அந்தப் பேச்சு வகுப்பில் சிரிப்பைத்தான் வரவழைத்தது. பரிசு பெற்ற ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் அதே சொல் அச்சாகியிருப்பதைக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து வந்து அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த வகை நூலை எடுத்துக்கொண்டதும் நமக்கு ஓர் ஆசை வரும். ‘உன் குடும்பத்துக்கு என்ன நடந்தது, நீயும் எழுது’ என்று முகாம் பிள்ளையிடமோ தந்தையை இழந்த பிள்ளையிடமோ சொல்லத் தோன்றும். அந்த ஆசையை அடக்க வேண்டும். சசி கதை சொல்வது அவள் விரும்பிய வயதில், விரும்பிய இடத்திலிருந்து, விரும்பிய வாசகரிடம். வாசகரை நேராக ‘நீங்கள்’ என்று விளித்து, எதைச் சொல்வது, எதை நிறுத்தி வைப்பது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். வகுப்பில் நாற்பது பேர் முன்னால், மதிப்பெண்ணுக்காக எழுதச் சொல்லப்படும் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. மேலும், அந்தப் பிள்ளை பிறந்தது இங்கே, திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ ஒரு மருத்துவமனையில். போரை அவள் கண்டதில்லை. கண்டது அவளுடைய பாட்டி. அதேபோல் 2004 சுனாமியையும் இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்ததில்லை. அவளுடைய அம்மா பார்த்திருப்பார். ‘முறிந்த பனை’ எழுதிய நால்வரில் இன்னொருவரான மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மனவடு தனி ஒருவருக்கு மட்டும் உரியது அன்று, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரியது என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். பாட்டியின் திடுக்கிடலைப் பேத்தி கற்றுக்கொள்கிறாள். தீபாவளி வெடிக்கு ஒரு வீடே கதவைச் சாத்திக்கொள்வது அப்படித்தான்.

எனவே எழுத்துப் பயிற்சியை நான் வேறு மாதிரி வைக்கிறேன். சசிக்கு ஒரு கடிதம் எழுதலாம். அல்லது, சசி நியூயார்க்குக்குக் கொண்டுபோயிருக்கக்கூடிய ஒரு பொருளைக் கற்பனை செய்து அதைப் பற்றி எழுதலாம். அல்லது எழுதாமல் வரையலாம். எழுதியதை வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் அவரவர் விருப்பம், மதிப்பெண் கிடையாது. தன் கதையைச் சொல்ல விரும்பும் பிள்ளை சசியின் பெயரில் சொல்லிக்கொள்வாள். கொண்டுபோன பொருளாக ஒரு மாணவன் அரிவாள்மனையை எழுதினான். ஏன் என்றதற்கு, ‘அந்த ஊர்ல மீன் வாங்கினா எப்பிடி மிஸ் அறுப்பா?’ என்றான். இன்னொரு பெண் வீட்டுச் சாவி என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘வீடு இல்லை’ என்று சேர்த்திருந்தாள்.

‘யார் சரி, யார் தப்பு?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். சில வீடுகளில் இதைப் பற்றி உறுதியான கருத்துகளும் இருக்கும். தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை என்பதோடு, நாவலும் அதைச் செய்யவில்லை என்பதைக் காட்டலாம். சசி தன் அண்ணன்மாரை நேசிக்கிறாள். அவர்கள் சேர்ந்த இயக்கம் செய்தவற்றையும் எழுதுகிறாள். ஒருவரை நேசிப்பதும் அவர் செய்ததை ஏற்காமல் இருப்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பது பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும். குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இத்தகைய வகுப்புக்குப் பின் ஓரிரு வாரம் பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். வழக்கமாகப் பேசுகிறவள் பேசாமல் இருப்பது, மேசையிலேயே தூங்குவது, சிறு சத்தத்துக்குத் திடுக்கிடுவது, திடீர்க் கோபம், காரணம் சொல்லாத விடுப்பு ஆகியவை தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரிடம் மெதுவாகப் பேசலாம். மாணவர்களுக்கான பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 14416. பிள்ளையின் பாதுகாப்பே கேள்விக்குறியானால் 1098. மூன்றையும் நூலக அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நின்று பார்க்கிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். அலமாரியைத் திறக்கிறவள் புத்தகம் எடுப்பதாகத்தான் தெரியும்.

பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி, சசி திரும்பி ஊருக்குப் போனாளா என்பது. நூலின் கடைசிப் பகுதியை நானாகச் சொல்லிவிடவில்லை. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பேர் அகராதியை வைத்துக்கொண்டு படித்து வருகிறார்கள். 1987ஆம் ஆண்டுவரை வந்துவிட்டார்கள். மற்றவர்கள் இடைவேளையில் அவர்களைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள்.